மைக்ரோபிளேடிங்: படுப்பதற்கு முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்

வெண்பனி எழுதியது:

எட்டு மாதம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. எனக்குப் புருவத்தின் வால் பக்கத்தில் முன்பிருந்தே முடி குறைவு. தினமும் பென்சில் தீட்டி அலுத்துப்போய்த்தான், கையால் பிடிக்கும் ஊசிக் கருவியால் தோலில் முடி மாதிரி மெல்லிய கோடுகள் கீறி நிறமி ஏற்றும் இந்த மைக்ரோபிளேடிங்குக்குப் போனேன். செய்த பெண் நன்றாகத்தான் பேசினார். ஊசிப் பொட்டலத்தை என் கண் முன்னால் பிரித்தார், காலாவதித் தேதியைக்கூடக் காட்டினார். அதிலெல்லாம் குறை சொல்ல மாட்டேன்.

தப்பு நடந்தது அளவெடுக்கும்போது. மை நூலை வைத்துக் கோடு போடுவார்களே, அதை நான் மல்லாந்து படுத்திருக்கும்போதே போட்டுவிட்டார். படுத்தால் முகத்துச் சதை பின்பக்கம் இழுபடும், புருவத்தின் இடமே கொஞ்சம் நகர்ந்துவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. கைக்கண்ணாடியைக் கொடுத்து "சரியா இருக்கா பாருங்க" என்றார். வெளியே அடுத்தவர் காத்துக்கொண்டிருந்தார். மரத்துப்போகும் கிரீம் வேறு தடவியாயிற்று. படுத்த வாக்கிலேயே "சரி" என்றேன். அந்த ஒரு சொல்தான் இன்னும் உறுத்துகிறது.

எழுந்து உட்கார்ந்து பார்த்தால் இடது புருவத்தின் மேடு வலதைவிட மேலே நிற்கிறது. அன்று மாலை அம்மா என் முகத்தைப் பார்த்து, "எதுக்குடி என்னைச் சந்தேகமா பாக்கற?" என்றார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார்.

போகிறவர்கள் தயவுசெய்து உட்கார்ந்தபடி, முகத்தைத் தளர்த்தி, கண்ணைத் திறந்து நேராகப் பாருங்கள். போனில் ஒரு படமும் எடுத்துப் பாருங்கள். மைக்கோட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் துடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

நிலாத்துண்டு எழுதியது:

எனக்கு வடிவத்தில் பிரச்சினை இல்லை. ஒன்பதாம் நாள்தான் மறக்காது.

முதல் மூன்று நாள் அடர் கறுப்பாக இருந்தது, எதிர்பார்த்ததுதான். ஐந்தாம் நாள் பொருக்குத் தட்டி ஒரே அரிப்பு. ஒன்பதாம் நாள் காலை கண்ணாடியில் பார்த்தால் புருவத்தில் நிறமே இல்லை! அத்தனையும் பொருக்கோடு உதிர்ந்துவிட்டது என்று நினைத்து, குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். செய்தவருக்குப் போன் போட்டால், "நாலு வாரம் பொறுங்க, வரும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

வந்தது. மேலே புதுத் தோல் மூடும்போது உள்ளே இருக்கும் நிறம் மங்கித் தெரியுமாம், அந்தத் தோல் தெளியத் தெளிய நிறமும் மெல்ல மேலே வரும். ஆறாவது வாரம் டச்சப் (விட்டுப்போன இடங்களை நிரப்புவது) செய்தபோது பாதிக்கு மேல் நன்றாகவே நின்றிருந்தது. இடது பக்கம் ஒரு இடத்தில் அரிப்புத் தாங்காமல் நகத்தால் பொருக்கைப் பிய்த்திருந்தேன், அங்கே மட்டும் வெள்ளையாக ஓட்டை. இந்த ஒன்பதாம் நாள் விஷயத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த அழுகை மிச்சம்.

தும்பைப்பூ எழுதியது:

நிலாத்துண்டு, "பொறுத்தால் வரும்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லாதீர்கள். நானும் பொறுத்தேன். எனக்கு வந்தது முடிக்கோடு இல்லை, புகை.

என்னுடையது எண்ணெய் வடியும் தோல், துவாரங்களும் பெரிது. இந்த மாதிரித் தோலில் கீறின மெல்லிய கோடுகள் நாளாக ஆகப் பரவி ஒன்றோடொன்று கலந்துவிடும். இதைச் செய்கிற யாருக்கும் இது தெரிந்திருக்கும், ஆனால் என் தோலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மெஷினால் புள்ளி புள்ளியாக வைக்கும் பவுடர் புருவம் எனக்குப் பொருந்தியிருக்கும் என்று பிறகு இன்னொருவர் சொன்னார்.

பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனபோது, அந்தப் பையன் திரையில் என் முகத்தைப் பெரிதாக்கிவிட்டு, "மேடம், நெத்தியில ஏதோ ஒட்டியிருக்கு, துடைச்சிட்டு வாங்க" என்றான். அதுதான் என் புருவம். சாம்பல் கலரில் இரண்டு பட்டை. ஊசி தேவையைவிட ஆழமாக இறங்கினாலும் நிறம் இப்படிச் சாம்பலாக, நீலமாகத் தெரியுமாம். எனக்கு இரண்டுமே நடந்திருக்கிறது.

அவர்கள் காட்டும் படங்களில் பெரும்பாலும் முடித்த அன்றைக்கு எடுத்தவைதான் இருக்கும். ஆறி ஒரு வருடம் ஆன புருவத்தின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் உங்களை மாதிரித் தோல் உள்ளவருடையதாக.

கருவிழி எழுதியது:

நான் செய்துகொள்ளவே இல்லை. முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னதும் அந்த அம்மா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்களுக்கு இப்ப செய்ய மாட்டேன்" என்றார். கோபமாக வெளியே வந்தேன். இப்போது அவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

அதனால் எல்லாரும் கவனியுங்கள். அந்த மாத்திரை சாப்பிட்டால் தோல் ஆறுவது மாறிவிடும். நிறுத்திய பிறகும் 6 மாதமாவது விடச் சொல்வார்கள். புடைத்த தழும்பு வரும் உடல்வாகு இருந்தால் வேண்டவே வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலும் தாய்ப்பால் கொடுத்தாலும் தள்ளிப்போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் புருவத்துக்காக அதைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது, முதலில் டாக்டரைக் கேளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும், தொற்றும் எளிதில் வரும். சோரியாசிஸ் இருந்தால் கீறின இடத்திலேயே அது கிளம்பலாம். ரெட்டினால் கிரீமை முன்கூட்டியே நிறுத்துங்கள். மரத்துப்போகும் கிரீமில் பெரும்பாலும் லிடோகைன் இருக்கும், பல் மருத்துவரிடம் எப்போதாவது அது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நிறமியைக் காதுக்குப் பின்னால் கொஞ்சம் வைத்து ஒன்றிரண்டு நாள் பாருங்கள், ஆனால் ஒவ்வாமை பல மாதம் கழித்தும் வரலாம் என்பதால் அதை முழுசாக நம்பவும் முடியாது. எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் புருவத்தில் நிறமி இருப்பதை அங்கே சொல்லிவிடுங்கள். சிலவற்றில் இரும்பு ஆக்சைடு உண்டு, அபூர்வமாக அந்த இடத்தில் சூடோ எரிச்சலோ தெரியும். அதற்காக ஸ்கேனை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

வெண்பனி, கோணலைச் சரிசெய்ய உடனே லேசருக்கு ஓடாதீர்கள். இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த நிறமி லேசர் பட்டதும் கறுத்துப்போவது உண்டு. தோல் மருத்துவரிடம் காட்டி, ஓர் ஓரத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், வால் பக்கம் முடி குறைவு என்றீர்களே, தைராய்டு பார்த்தீர்களா? அது குறைந்தாலும் புருவத்தின் வெளிப்பக்கம் உதிரும்.

ஆம்பல் எழுதியது:

கருவிழி, நீங்கள் எழுதியதில் தவறில்லை. ஆனால் வெண்பனி லேசரைப் பற்றிக் கேட்கவில்லை, தைராய்டைப் பற்றியும் கேட்கவில்லை. மனசில் இருந்ததைச் சொன்னார். முதலில் அதைக் கேட்போம்.

எனக்குக் கீமோவில் எல்லாம் போயிற்று. தலைமுடி போனதைவிடப் புருவம் போனதுதான் தாங்க முடியவில்லை. முகத்துக்கு மேல்வரம்பே இல்லாத மாதிரி இருக்கும். சிகிச்சை முடிந்து, ரத்த அணுக்கள் எல்லாம் சரியான பிறகுதான் டாக்டர் சம்மதித்தார்.

என்னை உட்காரவைத்துத்தான் வரைந்தார்கள். புருவத்தைச் சுருக்கச் சொல்லி, தூக்கச் சொல்லி, எலும்பு எங்கே ஓடுகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தார் அந்தப் பெண். பிறகு பேனாவை நிறுத்திவிட்டு, "உங்க புருவம் முன்னாடி எப்படிக்கா இருந்துச்சு?" என்றார்.

எனக்கு ஞாபகம் வரவில்லை. இத்தனை வருடம் தினமும் கண்ணாடியில் பார்த்தது, வளைவா நேரா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. "போன்ல பழைய போட்டோ இருக்கா?" என்று கேட்டு, நான் தேடும்வரை பேனாவை மூடிவைத்துக் காத்திருந்தார். ஒரு படம் கிடைத்தது, அதைப் பார்த்து வரைந்தார்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகி, கீறின கோடுகள் மங்கி வருகின்றன. சொந்த முடி கொஞ்சம் முளைத்திருக்கிறது, வரைந்த கோட்டுக்குச் சற்றுக் கீழே. பிடுங்கிவிடலாம் என்கிறார்கள். அதை மட்டும் என்னால் முடியாது.

வெண்பனி எழுதியது:

நன்றி ஆம்பல் அக்கா. கருவிழி, தைராய்டு பார்க்கிறேன், நல்லதுக்குத்தான் சொன்னீர்கள் என்று தெரியும்.

அந்தப் பெண் இப்போது கூப்பிட்டு, வலதுக்கு மேலே நாலு கோடு சேர்த்து இடதுக்குச் சமமாக்கித் தருகிறேன் என்கிறார். இரண்டும் மேலே போய்விட்டால் திரும்ப வழியில்லை என்று மறுத்துவிட்டேன். மங்கும்வரை வெறுமனே இருக்கப் போகிறேன். அதுவரைக்கும் காலையில் வலது புருவத்துக்கு மட்டும் பென்சில்.