மகளுக்கு வேறு மதத்தில் கல்யாணம்: அப்பா அம்மா மண்டபத்துக்குப் போகலாமா?

பாளை வாசகர்:
சபைகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி இது. ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் எடுத்து, பாடகர் குழுவில் நின்ற மகள் ஓர் இந்துப் பையனைக் கட்டிக்கொள்ளத் தீர்மானித்துவிட்டாள். பேசியாயிற்று, உபவாசமிருந்து ஜெபித்தும் ஆயிற்று, அவள் மாறவில்லை. கல்யாணம் மண்டபத்தில், ஐயர் வைத்து. இது தவறு என்ற எண்ணம் பெற்றோருக்கு மாறாது, மகள்மேல் உள்ள பாசமும் போகாது. முகூர்த்தத்துக்குப் போகலாமா? போனால் எங்கே நிற்பது? போகாவிட்டால் மறுநாள் அவளிடம் எந்த முகத்தோடு பேசுவது? "அன்பாயிருங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்.

மூப்பர் 64:
போகக்கூடாது என்பதே என் பதில். "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்பது 2 கொரிந்தியர் 6:14. மறுமணம் செய்யும் விதவைக்குக்கூட, மணவாளன் "கர்த்தருக்குட்பட்டவனாயும்" இருக்கவேண்டும் என்று 1 கொரிந்தியர் 7:39 எல்லை போடுகிறது.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த மண்டபத்தில் பெற்றோர் விருந்தாளிகள் அல்ல, சடங்கு நடத்துகிறவர்கள். தாரை வார்க்கும்போது அம்மா நீர் ஊற்ற, அப்பாதான் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுக்கிறார். அக்கினி சாட்சியாக, மந்திரத்தோடு நடக்கிற காரியம் அது. மகனுடைய கல்யாணமென்றால் பாத பூஜை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதும் இதுவும் ஒன்றல்ல. தவறென்று ஆறு மாதம் சொன்னவர் ஏழாம் மாதம் மணையருகே நின்றால், முன்பு சொன்னது வெறும் கோபம் என்றுதான் மகள் எடுத்துக்கொள்வாள்.

வலைபழுது:
மூப்பர் ஐயா, தாரை வார்ப்பதைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அதிலிருந்து விலகலாம், விலகவும் வேண்டும். ஆனால் தாரை வேறு, மண்டபம் வேறு. அப்பா நிற்க முடியாத வீட்டில் பெரியப்பாவோ தாய்மாமனோ நின்று தாரை வார்ப்பது வழக்கத்தில் உள்ளதுதான்.

வேதத்திலேயே பாருங்கள். நியாயாதிபதிகள் 14-ல் சிம்சோன் பெலிஸ்தப் பெண்ணைக் கேட்கிறான். நம் ஜனத்தில் பெண்ணே இல்லையா என்று அப்பாவும் அம்மாவும் கேட்டார்கள். தடை தெளிவாகச் சொல்லப்பட்டாயிற்று. அவன் கேட்கவில்லை. பிறகு அவர்கள் அவனோடுகூடத் திம்னாத்துக்குப் போனார்கள். பத்தாம் வசனத்தில் தகப்பன் அந்தப் பெண் இருந்த இடத்துக்கே போகிறான். சாப்பாட்டுக்கும் பவுல் வழி சொல்லியிருக்கிறார். 1 கொரிந்தியர் 10:27-ன்படி, அழைத்தால் போய், முன்வைத்ததை ஒன்றும் விசாரியாமல் சாப்பிடலாம். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் மட்டும், 28-ன்படி, அதைத் தொடாமல் விடவேண்டும். பந்தியில் உட்காரலாம், பிரசாதம் என்று நீட்டினால் கும்பிட்டு மறுக்கலாம். தாலித் தட்டு சுற்றி வரும்போது தொட்டு வணங்காமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். முன்கூட்டியே சொல்லி வைக்காமல் அந்த நேரத்தில் முகம் சுளிப்பதுதான் சண்டையாகிறது.

மூப்பர் 64:
சிம்சோனை எடுத்தால் முடிவையும் எடுக்கவேண்டும் சகோதரரே. ஏழு நாள் விருந்து முடிவதற்குள் பகை மூண்டது, அவன் மனைவி தோழனுக்குக் கொடுக்கப்பட்டாள். அப்பா போனார் என்று எழுதியிருப்பது, போனது சரி என்பதாகாது.

வலைபழுது:
ஆகாதுதான். ஆனால் அந்த அழிவு அப்பா போனதால் வந்ததாகவும் எழுதியில்லை. இன்னும் இரண்டு அதிகாரம் தள்ளிப் படியுங்கள். கண் பிடுங்கப்பட்டு, இடிபாட்டில் செத்தவனை எடுக்கப் போனது யார்? 16:31: அவன் சகோதரரும் தகப்பன் வீட்டார் அனைவரும். மகன் பேச்சைக் கேட்கவில்லை என்று வாசலை அடைத்த வீடு அப்படிப் போயிருக்காது.

பத்திரக்காரர்:
போவதா வேண்டாமா என்று பேசும் இந்த நேரத்தில், கல்யாணம் சட்டப்படி செல்லுமா என்று யாரும் கேட்கவில்லை. மகள்மேல் அக்கறை இருந்தால் முதல் கேள்வி இதுதான்.

1955-ம் வருட இந்து திருமணச் சட்டம் இரண்டு பேரும் இந்துக்களாக இருக்கும்போதுதான் பொருந்தும். கிறிஸ்தவரும் இந்துவும் கோயிலில் தாலி மாற்றி அந்தச் சட்டத்தின்படி செய்த திருமணம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணமும் (1967-ல் சேர்த்த 7-ஏ பிரிவு) இரண்டு இந்துக்களுக்குத்தான். ஆக, மகள் மதம் மாறாமல் மண்டபத்தில் தாலி மட்டும் கட்டிக்கொண்டால், நாளைக்குப் பிரிவோ மரணமோ வரும்போது மனைவி என்ற உரிமையே கேள்விக்குள்ளாகும். அதைத் தவிர்க்க, "பேரை மாற்றி, மதம் மாறினதாக ஒரு சான்று வாங்கிக்கொள்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். மதமாற்றம் பாதி இடங்களில் அப்படித்தான் நுழைகிறது.

1954-ம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் யாரும் மதம் மாற வேண்டாம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 முடிந்திருக்கவேண்டும். திருமணம் செய்யப்போகிறோம் என்று திருமணப் பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுக்கவேண்டும், அந்த மாவட்டத்தில் இருவரில் ஒருவராவது அதற்கு முன் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் பலகையில் ஒட்டி 30 நாள் ஆட்சேபத்துக்குக் காத்திருக்கிறார்கள். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அது காலாவதி, மறுபடி முதலிலிருந்து. அன்று மூன்று சாட்சிகள் வேண்டும். மண்டபத் தேதியை முதலில் குறித்துவிட்டு நோட்டீஸைக் கடைசி வாரத்தில் நினைப்பதுதான் வழக்கமான தவறு.

அப்பா அம்மாவுக்கு நான் சொல்வது: அந்த மூன்று சாட்சிகளில் இரண்டு பேர் நீங்களாக இருங்கள். அங்கே அக்கினியும் இல்லை, மந்திரமும் இல்லை.

மூப்பர் 64:
நல்ல தகவல், நன்றி. ஆனால் மண்டபத்தில் ஓரமாக உட்காருவதைவிடச் சாட்சிக் கையெழுத்து பெரிய சம்மதம் இல்லையா? பேரெழுதி ஒப்பமிடுகிறோமே.

பத்திரக்காரர்:
இல்லை ஐயா. உயிரோடுள்ள வேறு துணை இல்லை, வயது சரி, விலக்கப்பட்ட உறவு இல்லை என்று மணமக்கள் அறிக்கை தருகிறார்கள். சாட்சிகள் ஒப்பமிடுவது அதற்கும், திருமணம் நம் கண்முன் நடந்ததற்கும். "எனக்கு இதில் மகிழ்ச்சி" என்று எங்கும் எழுதியில்லை. நடந்ததை நடந்தது என்று சொல்வதுதான் சாட்சி.

மார்த்தாள்:
கசப்பான ஒன்றைக் கேட்கவேண்டியிருக்கிறது. அதே பையன் ஞானஸ்நானம் பெற்றவனாக, வேதம் வாசிக்கிறவனாக, ஆனால் வேறு சாதியில் பிறந்தவனாக இருந்தால் எத்தனை வீடு சம்மதிக்கும்? "கிறிஸ்தவ மணமகன் தேவை" என்று கொடுக்கும் விளம்பரத்திலேயே சாதிப் பேர் அச்சாகிறது. உள்ளே இருப்பது அதுவென்றால், 2 கொரிந்தியர் 6:14-ஐ மகளிடம் சொல்லாதீர்கள். அவளுக்குத் தெரியும். நாம் வசனத்தை எதற்காக எடுத்தோம் என்பதைப் பிள்ளைகள் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு எந்த வசனத்தையும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்று. எல்லோரும் முகூர்த்த நாளையே பேசுகிறீர்கள். அது ஒன்றரை மணி நேரம். அதற்குப் பின்னால் நாற்பது வருடம் கிடக்கிறது. கெட்டுப்போவது அங்கேதான். கிறிஸ்துமஸுக்கு மகளை மட்டும் கூப்பிடுவது. எல்லோருக்கும் புத்தாடை எடுத்து மருமகனுக்கு மட்டும் எடுக்காமல் விடுவது. அவர் பேரைச் சொல்லாமல் "அந்தப் பையன்" என்றே பேசுவது. சைவம் சாப்பிடுகிறவர் என்று தெரிந்தும் பிரியாணியும் தயிர்ப் பச்சடியும் மட்டும் வைப்பது. குடும்ப ஜெபத்தில் அவரை உட்காரவைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஆண்டவரிடம் பேசுகிற மாதிரி அவருக்குப் பிரசங்கம் பண்ணுவது. இந்தக் கடைசியை மிகவும் கவனியுங்கள். பதில் சொல்ல முடியாத இடத்தில் ஒருவரை உட்காரவைத்துத் திட்டுவதற்கு ஜெபம் என்று பெயரில்லை. அவர் இருக்கும்போது ஜெபம் மூன்று நிமிடம் போதும்: நன்றி, சாப்பாடு, வீட்டிலுள்ளவர்கள் பேர் (அவர் பேரும்), ஆமென். வேண்டுதலைத் தனியறையில் வைத்துக்கொள்ளுங்கள். நம்பாத கணவனை ஆதாயப்படுத்த, பேதுரு மனைவிகளுக்கே "போதனையின்றி" என்றுதான் எழுதினார் (1 பேதுரு 3:1). மாமியாருக்கு அதைவிட அதிகச் சலுகை கிடையாது.

சவேரியார் பிள்ளை:
கத்தோலிக்கத்தில் வழி கொஞ்சம் வேறு, தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன். திருமுழுக்குப் பெறாதவரோடு திருமணம் என்பது 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1086-ம் எண்ணில் தடை. ஆயர் விலக்கு கொடுத்தால் தேவாலயத்திலேயே நடத்தலாம். அதற்கு 1125-ன்படி, விசுவாசத்தை விட்டு விலகும் ஆபத்துகளை நீக்கிக்கொள்வதாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகவும் கத்தோலிக்கத் தரப்பு உறுதி சொல்லவேண்டும். மற்றவரிடம் உறுதி வாங்குவதில்லை. இப்படி ஓர் உறுதி சொல்லப்பட்டது என்று அவருக்குத் தெரிவிக்கவேண்டும், அவ்வளவுதான். மறைக்கக்கூடாது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. எனவே கத்தோலிக்கப் பெற்றோர் மண்டபம் பேசுவதற்கு முன்பே, சில மாதம் இருக்கும்போதே, பங்குத்தந்தையைப் பார்க்கவேண்டும்.

மூப்பர் 64:
மார்த்தாள் சகோதரி கேட்டதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. சாதிக்காகத் தடுத்துவிட்டு வசனத்தைக் காட்டுவது பொய்ச்சாட்சி.

சவேரியார் பிள்ளை சொன்னதிலிருந்து ஒன்று தோன்றுகிறது. நம் சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் இருவரும் ஞானஸ்நானம் பெற்றிருந்தால்தான் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பார்கள். அதற்காகப் பையனுக்கு அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்து, மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, முடித்துவிடுகிறார்கள். பெற்றோருக்கு மானம் காப்பாற்றப்பட்டது. அந்தப் பையனை ஆலயத்தின் நடுவே நிறுத்தி, நம்பாததை நம்புவதாகச் சொல்லவைத்தோமே, அவன்மேல் யாருக்கு அன்பு இருந்தது? இந்த நாடகத்தைவிடப் பதிவு அலுவலகம் எனக்கு மேலானது. இதை நான் இந்த விவாதத்துக்கு முன் சொல்லியிருக்கமாட்டேன்.

இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். கல்யாணத்துக்கு முன் தடுப்பது கடமை. கல்யாணம் ஆனபின் பிரிந்துவா என்று அழைப்பது பாவம். 1 கொரிந்தியர் 7:12, 13 அதைத் தெளிவாக விலக்குகிறது. "எப்போது வேண்டுமானாலும் திரும்பி வா" என்று மகளிடம் சொல்லும் பெற்றோர், முதல் சண்டையிலேயே அந்த வீட்டை உடைக்க வழி செய்கிறார்கள். அடி, கொடுமை என்றால் உடனே கூட்டிவரவேண்டும். அது வேறு.

வலைபழுது:
ஐயா, இதில் உங்களோடு முழுக்க நிற்கிறேன். பவுலின் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கன் (அப்போஸ்தலர் 16:1). விசுவாசம் பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்தது என்று பவுல் பேர் சொல்லி எழுதுகிறார். அந்தப் பாட்டி மகள் வீட்டுப் படியேறாமல் இருந்திருந்தால் அந்த வசனமே இல்லை.

மூப்பர் 64:
ஐனிக்கேயாள் விசுவாசிக்கும் முன்பே அந்தக் கல்யாணம் நடந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலைபழுது:
இருக்கலாம். நான் சொன்னது பாட்டியைப் பற்றி.

பாளை வாசகர்:
எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் மீதி. தாரை வார்க்கமாட்டோம், ஆனால் வருவோம் என்று சம்பந்தி வீட்டில் எப்படிச் சொல்வது? அவமானப்படுத்துவதாக எடுத்துக்கொள்ளமாட்டார்களா?

வலைபழுது:
கடைசி நேரத்தில் சொன்னால் அவமானம். மூன்று வாரம் முன்னால் சொன்னால் ஏற்பாடு. போனில் வேண்டாம். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து, பழம் பூவோடு வீட்டுக்குப் போங்கள். முதலில் மகளிடம் சொல்லி, அவளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டின் பெரியவரிடம் இவ்வளவு போதும்: "உங்கள் சடங்கை நாங்கள் குறைவாக நினைக்கவில்லை. நம்பாமல் கைவைத்தால் அதுதான் உங்களுக்கு மரியாதைக்குறைவு. தாரை வார்க்க வேறொருவரை நீங்களே சொல்லுங்கள். நாங்கள் முன்வரிசையில் இருப்போம், பந்தியில் பரிமாறுவோம்." தெய்வம், விக்கிரகம் என்ற வார்த்தைகளை எடுக்கவேண்டாம். சபையில் இதற்கு ஒழுங்கு நடவடிக்கை இருக்குமானால் போதகர் ஐயாவிடமும் முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள், புகைப்படம் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக்கூடாது.

மூப்பர் 64:
நான் முகூர்த்தத்துக்கு இன்னும் சம்மதிக்கவில்லை, அதை மறைக்கமாட்டேன். என்னைப்போல் போக மனச்சாட்சி இடந்தராத பெற்றோரும் அதே மூன்று வாரம் முன்னால் மகளிடம் நேரில் சொல்லவேண்டும். ஒரே தடவை, பத்து நிமிடம், வேறு யாரையும் கூட்டிக்கொண்டு போகாமல். போகமாட்டோம் என்பதோடு நிறுத்தக்கூடாது, எப்போது வருவோம் என்று நாளையும் நேரத்தையும் சொல்லவேண்டும்: மறுநாள் மாலை ஆறு மணிக்கு, உங்கள் வீட்டுக்கு, இரண்டு பேருக்கும் துணியும் வீட்டுக்குப் பாத்திரமும் எடுத்துக்கொண்டு. ஆறு மணி என்றால் ஆறு மணிக்குப் போய் நிற்கவேண்டும்.