பொருள்: வார்ம் ஒயிட்டுக்கு 'வெப்ப வெள்ளை' வேண்டாம், 'அந்தி வெள்ளை' எப்படி?

குழுவினருக்கு வணக்கம்.

பல்புப் பெட்டியில் 'வார்ம் ஒயிட்' என்று போட்டிருக்கும் மஞ்சள் சாயல் வெள்ளை ஒளிக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் வந்த சொற்கள் எல்லாவற்றையும் படித்தேன். கும்பகோணத்தில் வீட்டு இன்டீரியர் வேலைகளுக்கு லைட்டிங் பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். கூடத்தில் எந்த விளக்கு, சமையலறையில் எது, பூஜை மாடத்தில் எது என்று வரைந்து எலக்ட்ரீஷியன் கையில் கொடுக்கும் தாளில் அதிகம் வரும் சொல் இதுதான். மாட்டுகிறவருக்கும் புரிய வேண்டும், அந்த வெளிச்சத்தில் உட்காரப்போகிறவருக்கும் புரிய வேண்டும். அந்தக் கணக்கில்தான் எழுதுகிறேன்.

> வெப்ப வெள்ளை, குளிர் வெள்ளை என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது. யாருக்கும் குழப்பம் வராது.

வரும் ஐயா. பல்புப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். வார்ம் ஒயிட் என்றால் 2700 அல்லது 3000 கெல்வின் (கெல்வின் என்பது வெப்பநிலை அலகு), நேச்சுரல் ஒயிட் 4000, கூல் டேலைட் 6500. இந்த எண் எங்கிருந்து வந்தது? ஒரு பொருளைக் காய்ச்சிக்கொண்டே போனால் முதலில் மங்கல் சிவப்பாகும், பிறகு செம்மஞ்சள், மஞ்சள், வெள்ளை, கடைசியில் நீலம் கலந்த வெள்ளை. சுவாமிமலையில் சிலை வார்க்கிறவர்கள் உலையின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார்கள். சூடு ஏற ஏற ஒளி வெளுக்கும். ஆக, சூடு குறைந்த ஒளிக்கு 'வெப்ப' என்றும் சூடு கூடிய ஒளிக்கு 'குளிர்' என்றும் பெயர் வைக்கிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று நிமிர்ந்து கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஆங்கிலத்திலும் இதே முரண்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அங்கே குளிர்காலத்தில் நெருப்புப் பக்கத்தில் உட்காருவது சுகம். 'வார்ம்' என்றாலே அன்பு, இதம் எல்லாம் கூடவே வந்துவிடும். நம் பேச்சில் சுகம் முழுக்கக் குளிர்ச்சியின் பக்கம். கண் குளிரப் பார்த்தோம், வயிறு குளிர்ந்தது, மனசு குளிர்ந்தது. எரிவது வயிறு, வேகிறது மனசு. சித்திரை மாதம் ஒரு வீட்டம்மாவிடம் "ஹாலுக்கு வெப்ப வெள்ளை போடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஏற்கெனவே வெந்துக்கிட்டுத்தான் கிடக்கோம், குளிர்ச்சியா ஒண்ணு போடுங்க" என்பார். கடைப்பையன் 6500 கெல்வினை எடுத்துக் கொடுப்பான். அவர் கேட்டது கண்ணுக்கு இதமான ஒளி, கிடைத்தது ஆபரேஷன் தியேட்டர் ஒளி. 'கூல்' என்று போட்டிருப்பதால் அறை குளிரும் என்று நம்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று. எல்.இ.டி.யில் எதுவும் 3000 கெல்வினுக்குக் காய்வதே இல்லை. உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சிறு சில்லு. அதன் மேல் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது, கலவை நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்.இ.டி.க்குத்தான் 2014இல் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. பல்பின் நிறம் எந்தச் சூட்டில் காய்ந்த பொருளின் நிறத்தை ஒத்திருக்கிறது என்பதைத்தான் எண் சொல்கிறது. எனவே எண்ணுக்கு 'ஒப்பு நிற வெப்பநிலை' என்று ஒரு நண்பர் தந்தது மிகச் சரி, அதை அப்படியே ஏற்கலாம். (அதே மடலில் '3000 டிகிரி கெல்வின்' என்று இருந்தது. 1967க்குப் பிறகு கெல்வினுக்கு டிகிரி கிடையாது. வெறும் 3000 கெல்வின் போதும்.) அளவுக்கு வெப்பம் இருக்கட்டும், நிறத்தின் பெயரில் வேண்டாம்.

> மக்கள் 'மஞ்ச லைட்டு' என்கிறார்கள். மக்கள் சொல்லை விட்டு நாம் ஏன் அலைய வேண்டும்? மஞ்சள் வெள்ளை.

சீர்காழி அம்மா சொல்வதில் பாதி நியாயம். கடையில் நானும் 'மஞ்ச லைட்டு' என்றுதான் கேட்கிறேன். ஆனால் டெல்டாவில் இந்த மஞ்சளுக்குப் பழைய கதை ஒன்று உண்டு. ஊரெல்லாம் பம்புசெட் ஓடும் நேரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் தெருவில் வோல்டேஜ் இறங்கிவிடும். குண்டு பல்பு சிவந்து மங்கி அழும், டியூப் லைட் பற்றாமல் துடித்துக்கொண்டே இருக்கும். வெள்ளையாக எரிந்தால் நல்ல கரண்ட், மஞ்சளாக எரிந்தால் லோ வோல்டேஜ். அந்தக் காலத்து மனிதர்கள் படம் போட்டு விளக்காமலே கெல்வினை அறிந்திருந்தார்கள் என்பது தனி விஷயம்: மின்னழுத்தம் குறைந்தால் பல்புக்குள் இருக்கும் கம்பியின் சூடு குறையும், சூடு குறைந்தால் ஒளி சிவக்கும். ஆனால் அவர்கள் புது வீடு கட்டும்போது "மஞ்சளா வேண்டாம் தம்பி, பளிச்சுனு இருக்கட்டும்" என்பதும் இந்த அனுபவத்தால்தான். லட்சக்கணக்கில் செலவழித்து ஜிப்சம் சீலிங் போட்டு, அதில் லோ வோல்டேஜை மாட்டுவானேன் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது.

மஞ்சள் என்றால் வெளிச்சம் குறைவு என்ற எண்ணத்திலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஒரே கம்பெனியின் 9 வாட் பல்பில் வார்ம் ஒயிட் சற்றுக் குறைந்த லூமென், அதாவது சற்றுக் குறைந்த வெளிச்சம், தருவது வழக்கம். நீலத்தைச் சிவப்பாக மாற்றும்போது இழப்பு கூடுகிறது. வித்தியாசம் சிறிதுதான், இரண்டையும் தனித்தனி அறையில் மாட்டினால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் பெயரிலேயே மங்கலை ஏற்றிவிட்டால் வாங்குகிறவர் தயங்குவார்.

இழையில் வந்த மற்ற இரண்டு சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'பொன்வெள்ளை' காதுக்கு அழகு. ஆனால் கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் அந்தச் சொல்லைச் சொன்னால் நகைக்கடைக்கு வழி காட்டுவார்கள். 'இத வெள்ளை' பாராட்டு, பெயர் அன்று. எது இதம் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

சரி, என் பரிந்துரை. சூட்டை விட்டுவிட்டுப் பொழுதைப் பிடிக்கலாம்.

2700–3000: அந்தி வெள்ளை
4000: காலை வெள்ளை
6500: பகல் வெள்ளை

சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது அதன் ஒளி ஏறத்தாழ 2000–3000 கெல்வினில் நிற்கிறது. உச்சிவெயில் 5500ஐ ஒட்டி வரும். நீல வானத்தின் ஒளியும் சேர்ந்த பகல் வெளிச்சத்துக்கு 6500 என்று தர அளவே வைத்திருக்கிறார்கள். ஆகவே பெயரும் எண்ணும் ஒரே திசையில் போகின்றன. 'வெப்ப', 'குளிர்' இணையில் இல்லாத வசதி இது.

ஒளியைப் பொழுதால் பெயரிடுவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சோழர் கால, பிற்காலக் கல்வெட்டுகளில் 'நந்தா விளக்கு', 'சந்தி விளக்கு' என்று இரண்டு வரும். நந்தா விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிவது. ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு உழக்கு நெய், அதற்காகப் பெரும்பாலும் 96 ஆடுகள், சில இடங்களில் 90, விட்டிருப்பார்கள். சந்தி விளக்கு சந்திப் பொழுதில் மட்டும் ஏற்றுவது. வீட்டில் இன்றும் அந்தி சாய்ந்ததும் முதல் வேலை விளக்கேற்றுவதுதான். அந்தி என்றால் என்ன நிறம் என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

> அந்தி என்றதும் 'அந்திமக் காலம்' நினைவுக்கு வருகிறதே, புது வீட்டுக்குப் போய் இந்தப் பெயரா?

மன்னார்குடி ஐயாவின் ஐயம். அந்திமம் வேறு சொல், 'அந்தம்' வழி வந்தது. அந்தி, சந்தியோடு உறவுடையது. அது போகட்டும், கொல்லையில் அந்திமந்தாரை வைக்காத வீடு இந்தப் பக்கம் உண்டா? அதைப் பார்த்து யாரும் அந்திமக் காலத்தை நினைத்ததாகத் தெரியவில்லை. 'மாலை வெள்ளை' என்று மாற்றலாமே என்றும் எழுதியிருந்தீர்கள். பூஜை அறைக்கு மாலை வெள்ளை என்று தாளில் எழுதினால் எலக்ட்ரீஷியன் பூக்கடைக்குப் போய்விடுவார்.

பொருத்திப் பார்க்க ஒரு காட்சி. திருபுவனம் பக்கம் ஒரு வீட்டில் புடவை அலமாரிக்குள் ஸ்ட்ரிப் லைட் ஓட்டினோம். அரக்கு நிறப் பட்டு, கெட்டி ஜரிகை. 6500இல் அரக்கு பழுப்பாகச் செத்துக் கிடந்தது, ஜரிகை அலுமினியத் தாள் மாதிரி வெளுத்தது. 3000 மாட்டியதும் அரக்குக்குள் இருந்த சிவப்பு மேலே வந்தது, ஜரிகை ஜரிகையானது. கூடத்தில் தஞ்சாவூர்ப் படத்தின் தங்க ரேக்கும், மூலையில் நிற்கும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் அப்படியே. இவையெல்லாம் அகல் வெளிச்சத்தில் பார்ப்பதற்காகப் பிறந்த பொருள்கள். எண்ணெய் விளக்கின் சுடர் 2000 கெல்வினுக்கும் சற்றுக் கீழே. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அந்தி வெள்ளை என்று எழுதினால் மட்டும் சிவப்பு வந்துவிடாது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பது சி.ஆர்.ஐ. என்ற வேறு கணக்கு. பழைய குண்டு பல்புக்கு 100, மலிவு எல்.இ.டி. 80ஐச் சுற்றி, பட்டுக்கும் படத்துக்கும் 90க்கு மேல் வேண்டும். அதற்கான சொல்லை இதே இழையில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

எல்லா இடத்துக்கும் அந்தி வெள்ளை என்று நான் வாதாடவில்லை. அரிசியில் கல் பொறுக்கும் இடத்துக்கும் பிள்ளைகள் படிக்கும் மேசைக்கும் காலை வெள்ளைதான் சரி. திண்ணைக்கும் வாசலுக்கும் மறுபடி அந்தி: வயல் பக்கத்து வீடுகளில் சம்பா பருவத்து இரவுகளில் பகல் வெள்ளை விளக்கைப் போட்டால் பூச்சி மொய்த்துவிடும். நீலம் குறைந்த ஒளிக்கு அவ்வளவாக வராது.

என் பட்டியலில் நடு உருப்படிதான் பலவீனம். காலையும் பகலில் அடக்கம்தானே என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். 'ஏறுவெயில்' என்று யோசித்தேன். வெயில் என்றதும் மறுபடி சூடு வந்து ஒட்டிக்கொள்கிறது. நல்ல சொல் இருந்தால் தாருங்கள். ரிமோட்டில் 2700இலிருந்து 6500 வரை நகர்த்தும் விளக்குகள் வந்துவிட்டன. மூன்றும் பொழுதின் பெயராக இருந்தால் அதற்கு 'பொழுதுமாறி' என்று எளிதாக வைக்கலாம். டிரான்ஸ்ஃபார்மருக்கு வைத்த 'மின்மாற்றி' பலகையில் ஏறி நின்றுவிட்டது, இதுவும் நிற்கும்.

அடுத்த வேலைத்தாளில் இப்படி எழுதப் போகிறேன்:

கூடம், சீலிங் ஓரம்: அந்தி வெள்ளை, 3000
ரேழி, தாழ்வாரம்: அந்தி வெள்ளை, 2700
சமையல் மேடை, படிப்பு மேசை: காலை வெள்ளை, 4000
மாடிப் பட்டறை அறை: பகல் வெள்ளை, 6500

எண்ணைப் பக்கத்திலேயே வைத்திருப்பதால் சொல் புரியாவிட்டாலும் பல்பு தப்பாது. எலக்ட்ரீஷியன்கள் எதைக் கேட்டுத் திரும்ப வருகிறார்கள் என்று பார்த்து இங்கேயே எழுதுகிறேன். அதுவரை 'அந்தி வெள்ளை', 'பகல் வெள்ளை' இரண்டை மட்டும் பட்டியலில் ஏற்றி, காலையைத் திறந்து வைக்கலாமா? சீலிங் ஓரத்தில் மறைத்து வைக்கும் கோவ் லைட்டுக்கு வந்த 'குழிவொளி', 'மறையொளி' இரண்டையும் தனி இழைக்கு மாற்றிவிடும்படி மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.