ஆறாம் வகுப்புக்குச் செல்லும் மகனுக்குக் கணக்கும் வாசிப்பும்: காணொளிப் பாடங்களை எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகன் வரும் ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குச் செல்கிறான். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறான். கூட்டல், பெருக்கல் இரண்டையும் ஓரளவு செய்துவிடுகிறான், ஆனால் வகுத்தல் என்றதும் நோட்டை மூடிவிடுகிறான். தமிழ்ப் பாடத்தை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். ஒரு பத்தியின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் அவனுக்கு மறந்துவிடுகிறது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பகலில் வீட்டில் பீடி சுற்றுகிறேன். கணவர் பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலைக்குச் செல்வதால், இணைய வசதியுள்ள எங்கள் ஒரே கைபேசி இரவில்தான் வீட்டுக்கு வருகிறது. டியூஷனுக்கு அனுப்ப வசதியில்லை. எங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து பள்ளி திறப்பதற்குள் கிடைக்கும் நாள்களில், இலவசமாகக் கிடைக்கும் காணொளிப் பாடங்களைக் கொண்டு அவனைத் தேற்ற முடியுமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில் 1: ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை, காட்பாடி

அம்மா, கைபேசியைத் திறப்பதற்கு முன் உங்கள் மகன் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதைக் கண்டுபிடியுங்கள். இதற்குப் படிப்பு அதிகம் தேவையில்லை. 2005 முதல் நாடு முழுவதும் கிராமப்புறக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டுவரும் ‘அசர்’ ஆய்வில் வாசிப்பை நான்கு படிகளாகச் சோதிக்கிறார்கள்: தனி எழுத்து, எளிய சொல், முதல் வகுப்பு அளவிலான ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சிறுகதை. கணக்கிலும் அப்படியே, ஒற்றை இலக்க எண்களை அடையாளம் காண்பது, ஈரிலக்க எண்களை அடையாளம் காண்பது, கடன் வாங்கிக் கழிக்கும் ஈரிலக்கக் கழித்தல், மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல் என்று செல்கிறது. பழைய பாடப்புத்தகங்களிலிருந்து இவற்றை நீங்களே எடுத்துக் கேட்டுவிடலாம். எந்தப் படியில் தடுமாறுகிறானோ அதற்கு ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள். ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை என்பதற்காக ஆறாம் வகுப்புக் காணொளியைப் போட்டுக்காட்டினால், அவன் பார்ப்பான், தலையாட்டுவான், ஆனால் ஒன்றும் ஒட்டாது.

வகுத்தல் வராத பிள்ளைக்குப் பெரும்பாலும் வகுத்தலில் குறை இருக்காது. வாய்பாடோ, கழித்தலோ, இடமதிப்போ ஆட்டம் கண்டிருக்கும். 816ஐ 8ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 102 என்று வராமல் 12 என்று எழுதினால், நடுவில் வரும் 1ஐ வகுக்க முடியாதபோது ஈவில் சுழியம் இட வேண்டும் என்பது தெரியவில்லை என்று பொருள். அப்போது 12ஐ 8ஆல் பெருக்கச் சொல்லுங்கள், 96தான் வரும். தன் விடை தவறு என்பதை யாரும் சொல்லாமல் அவனே பார்த்துக்கொள்வான். உங்கள் வீட்டிலேயே கணக்கு இருக்கிறது: ஒரு கட்டுக்கு 25 பீடி என்றால் ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு என்று கேளுங்கள். அதை மனத்தில் போடுகிற பிள்ளை காகிதத்தில் தடுமாறுகிறான் என்றால், தெரியாதது எழுதும் முறை மட்டும்தான்.

காணொளியைப் பார்க்கும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் வரும் ஆசிரியர் கணக்கைப் பலகையில் எழுதியவுடன் நிறுத்திவிடுங்கள். பையன் நோட்டில் போட்டு முடித்த பிறகே மேலே ஓட விடுங்கள். தன் விடையும் ஆசிரியர் விடையும் வேறுபடும் இடத்தில்தான் அவன் உண்மையில் கவனிக்கத் தொடங்குவான்.

பதில் 2: பேரணாம்பட்டு, இரண்டு பிள்ளைகளின் தந்தை

ஆசிரியை அம்மா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் காணொளிமேல் இவ்வளவு நம்பிக்கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளிகள் மூடியிருந்த 2020ஆம் ஆண்டில் எங்கள் பிள்ளைகள் மாதக்கணக்கில் கைபேசியில்தான் பாடம் கேட்டார்கள். பார்த்த பாடத்தைப் பற்றிக் கேட்டால் ‘புரிந்தது’ என்பார்கள். பென்சிலைக் கொடுத்தால் கை ஓடாது. அது மட்டுமல்ல, ஒரு பாடம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும், அதற்கடுத்தது விளையாட்டோ வேடிக்கையோ ஆகிவிடும். தாய் வேலையில் இருக்கும் வீட்டில் இதை யார் கண்காணிப்பது? வாசிப்பைப் பொறுத்தவரை ஒன்று உறுதி: பிள்ளை வாய்விட்டுப் படிப்பதைக் காணொளி கேட்காது. ‘பள்ளி’ என்பதைப் ‘பல்லி’ என்று படித்தால் திருத்த ஒரு மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பதில் 3: கல்லூரி மாணவி, கணிதத் துறை, ஆற்காடு

இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில், இரண்டு கருத்துகளிலும் உண்மை இருப்பதாகவே நினைக்கிறேன். ஐயா சொன்ன சிக்கலுக்கு எளிய வழி, தேவையான ஒரே ஒரு பாடத்தை முன்கூட்டியே யூடியூப் செயலியில் பதிவிறக்கிவைத்துக்கொண்டு, இணையத்தை அணைத்துவிட்டுக் கொடுப்பது. அடுத்த காணொளி ஓட வழியிருக்காது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். 2018 முதல் வந்த நம் மாநிலப் பாடப்புத்தகங்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. அரசின் தீக்ஷா என்ற கற்றல் செயலியால் அதைப் படம்பிடித்தால் அந்தப் பாடத்துக்குரிய பகுதி திறக்கும். தேடி அலைய வேண்டியதில்லை என்பதுதான் இதன் நன்மை. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூபில் உள்ளன. பலரும் பரிந்துரைக்கும் கான் அகாடமி என்ற இணையப் பாடத் தளத்தின் பாடங்களும் இலவசம். அமெரிக்காவில் வாழும் சல்மான் கான் என்பவர் (நடிகர் அல்ல) 2004இல் தொலைவில் இருந்த தம் உறவுப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததிலிருந்து வளர்ந்தது அது. எனக்கு அங்கே பிடித்தது காணொளியைவிட அதற்குப் பின் வரும் பயிற்சிக் கணக்குகள்தான். ஆனால் ஆங்கில விளக்கத்தோடு தமிழ் வழிப் பிள்ளையை உட்காரவைத்தால் கணக்கோடு மொழியும் சேர்ந்து சுமையாகிவிடும். எனவே இப்போதைக்குத் தமிழ்க் காணொளிகளே போதும்.

வாசிப்புக்கு ஒரு துணை வழி உண்டு. அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி, தொலைக்காட்சியில் ஓடும் திரைப்பாடல்களுக்கு அதே மொழியிலேயே வரிகளைக் காட்டினால் பார்ப்பவர்களின் வாசிப்பு பழகும் என்ற எண்ணத்தை 1990களில் முன்வைத்துச் செயல்படுத்தினார். உங்கள் மகனுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைத் தமிழ் வரிகளோடு ஓடவிடுங்கள். அடுத்து வரப்போகும் சொல் அவனுக்கு முன்பே தெரியும் என்பதால், எழுத்துக்கூட்டுவதை விட்டுச் சொல்லை முழுதாகப் பார்க்கப் பழகுவான். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு வரிகளை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட தாய்

அனைவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னபடி சோதித்துப் பார்த்தேன். பத்தியைப் படித்துவிட்டான், கதையில் திணறினான். 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னபோது 376 என்று எழுதினான். ஆக, வகுத்தலுக்கு முன் கழித்தலே சரியாக இல்லை என்று தெரிகிறது. ஆனால் மூன்றாம் வகுப்புப் பாடத்தைப் போட்டால், ‘தங்கச்சி பாடத்தை எனக்கு ஏன் காட்டுகிறாய்’ என்று கோபித்துக்கொள்கிறான். கைபேசி இரவில் மட்டும் கிடைப்பதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில் 1 எழுதிய ஆசிரியை, காட்பாடி

376 என்ற விடை நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது, அம்மா. ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்கவில்லை. சுழியத்திடம் கடன் வாங்க முடியாதபோது அதைத் தாண்டி நூறிடம் செல்ல வேண்டும் என்பதை 100, 10, 1 ரூபாய்களைக் கொண்டு காட்டுங்கள். நான்கு நூறு ரூபாய்த் தாளில் ஒன்றைப் பத்துப் பத்து ரூபாய்களாக மாற்றி, அதில் ஒன்றை மீண்டும் சில்லறையாக மாற்றினால், ஏற்கெனவே உள்ள இரண்டு ரூபாயோடு சேர்த்துக் கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒற்றை ரூபாய் இருக்கும். அதிலிருந்து 178ஐ எடுத்தால் மிஞ்சுவது 224. இதற்குக் காணொளியே வேண்டாம்.

அவன் கோபம் நியாயமானது. அரசே 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, பயிற்சி நூல்களுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்தது. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் பயிற்சி. நீங்களும் வகுப்பின் பெயரைச் சொல்லாதீர்கள். தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படையுங்கள். அவளுக்கு விளக்குவதற்காக அவன் அந்தப் பாடத்தைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்? கதையையும் அவளுக்கே வாய்விட்டுப் படித்துக்காட்டட்டும். பேரணாம்பட்டு நண்பர் கேட்ட ‘கேட்பதற்கு ஒரு மனிதர்’ அங்கே கிடைத்துவிடுகிறார். நீங்கள் பீடி சுற்றிக்கொண்டே காது கொடுத்தால் போதும், கண் தேவையில்லை.

கைபேசி இரவில் வருவது ஒரு வகையில் நல்லதே. பகலில் ஐந்தாறு கணக்குகளை நோட்டில் போடட்டும். சிக்கிய கணக்குக்குப் பக்கத்தில் ஒரு குறி இடட்டும். இரவில் அந்தக் குறி உள்ளவற்றுக்கு மட்டும் காணொளி, அதுவும் இருபது நிமிடத்துக்குள். குறி எதுவும் இல்லாத நாளில் கைபேசி உங்கள் கணவரிடமே இருக்கட்டும்.