நைரோபியில் ரெண்டு பகல்: எதை முதல்ல பாக்கறது?

கொழிஞ்சாம்பாறை செல்வி:
ஆகஸ்டில் கொச்சியிலிருந்து துபாய் வழியா நைரோபி போறோம். அம்மாவுக்கு 68 வயசு, ரொம்ப நடக்க முடியாது. தேசியப் பூங்கா, யானைக்குட்டிகள், ஒட்டகச்சிவிங்கி மூணும் ஒரே நாளில் முடியுமா?

வாளையார் மணி:
முடியுங்க. ஷெல்ட்ரிக் காப்பகத்தில் யானைக்குட்டிகளுக்குப் பால் கொடுப்பதைப் பார்க்க காலை 11 முதல் 12 வரைதான் விடுவாங்க. அதை வச்சே மத்ததைத் திட்டமிடணும். இணையத்தில் முன்பதிவு கட்டாயம். ஆகஸ்டில் கூட்டம் அதிகம், விமான டிக்கெட் எடுத்த கையோடு பதிஞ்சிடுங்க. கயிற்றுக்கு வெளியே நின்னு பார்க்கிற இடம், அம்மாவுக்கு நாற்காலி கிடைக்குமான்னு அப்பவே கேட்டு வைங்க.

பூங்காவுக்கு காலை 6 மணிக்கே போயிடுங்க. 117 சதுர கிலோமீட்டர். சிங்கம், கறுப்புக் காண்டாமிருகம் உண்டு, காட்டுயானை கிடையாது. பத்து மணிக்கு வெளியே வந்தாகணும். காப்பகத்துக்கு வழி மகாடி ரோடு பக்கம், பூங்காவின் பிரதான வாசல் லங்காட்டா ரோட்டில். ஓட்டுநரிடம் தெளிவா சொல்லலைன்னா அந்த ஒரு மணி நேரம் வாசல் தேடுவதிலேயே போயிடும்.

மதியம் ஒட்டகச்சிவிங்கி மையம். மேடையில் நின்றால் அதன் தலை நம் முகத்துக்கு நேரே வரும். முழங்காலுக்குக் கீழே திட்டு இல்லாம வெள்ளைக்கால் தெரியும், அதுதான் ராத்சைல்ட் வகை. தீவனத்தைக் காட்டிட்டு மறைச்சா தலையால முட்டும்.

வேலந்தாவளம் ரவி:
பூங்காவில் உங்க ஊர்ப் பக்கம் மாதிரியே கரிசல் மண்தான். மழை பெய்தா சாதாரண கார் சிக்கிக்கும். ஆகஸ்ட் வறண்ட மாதம், ஆனா விடியற்காலை குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் வேணும். பூங்காக் கட்டணத்தை முன்கூட்டியே கென்ய அரசோட இ-சிட்டிசன் இணையதளத்தில் கட்டிடுங்க, வாசலில் ரொக்கம் வாங்க மாட்டாங்க. பிளாஸ்டிக் கேரிபேக் 2017லேயே தடை. பூங்காவுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணி பாட்டிலும் கூடாது. துணிப்பையும் எவர்சில்வர் பாட்டிலும் எடுத்துக்குங்க.

சித்தூர் மீனா:
அதுக்கெல்லாம் முன்னாடி மஞ்சள் காய்ச்சல் (yellow fever, மஞ்சள் காமாலை இல்லை) தடுப்பூசியைப் பாருங்க. கென்யாவிலிருந்து திரும்பும்போது சான்று இல்லைன்னா இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவாங்க. ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுத்தான் சான்று செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். 60 தாண்டினவங்களுக்குக் கடுமையான பக்கவிளைவு அரிதுதான், ஆனா இளையவங்களைவிட அதிகம். அதனால அம்மாவோட டாக்டர்கிட்ட முதல்ல கேளுங்க. முட்டை அலர்ஜி இருந்தா அதையும் சொல்லணும். டாக்டர் வேண்டாம்னு எழுதித் தந்தாலும் திரும்பும்போது நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு, அதையும் யோசிச்சுக்குங்க. கொச்சி வில்லிங்டன் தீவில் துறைமுக சுகாதார அலுவலகம் இருக்கு. எந்த நாளில் போடறாங்கன்னு போனில் கேட்டுட்டுப் புறப்படுங்க.

வாளையார் மணி:
ரெண்டாம் நாளுக்கு நைவாஷா ஏரி, சுமார் 90 கிலோமீட்டர். படகில் உட்கார்ந்தே நீர்யானை பார்க்கலாம், அம்மாவுக்கு அதுதான் சௌகரியம். உயிர்காப்பு அங்கி தராத படகில் ஏறாதீங்க.