எடப்பாடியார் மந்திரியாக, முதல்வராக இருந்த காலம்: சேலத்துக்காரர்கள் பார்த்ததும் பட்டதும்

ஐந்துரோடு கடைக்காரர்

2020 ஜூன் 11. முதல்வர் எடப்பாடி பழனிசாமி சேலம் ஈரடுக்கு மேம்பாலத்தைத் திறந்த அன்று கீழே நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். கொரோனா நேரம், எல்லோருக்கும் முகக்கவசம். பாலத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 441 கோடி, எட்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வேலை நடந்த வருஷங்களில் ஐந்து ரோட்டில் கடை வைத்திருந்தவர்கள் எப்படிக் காலம் தள்ளினோம் என்பதும் தெரியும்.

கையில் ஒரு மனு வைத்திருந்தேன். கடை வாசலில் மழைநீர் வடிகால் மண் மூடிப்போய், ஒரு மழைக்கே தண்ணீர் உள்ளே வந்துவிடும். இவரிடமே கொடுக்க வேண்டும் என்று ஏன் நினைத்தேன் என்றால், 2011-ல் நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் ஆனார், 2017 பிப்ரவரியில் முதல்வர் ஆன பிறகும் அந்தத் துறையைத் தன் கையிலேயே வைத்திருந்தார். நம்ம மாவட்டத்துக்காரர், நம்ம ரோடு. இதைவிட வேறு யாரிடம் போவது?

பாதுகாப்புக்கு நின்ற பெண் காவலர் என் கையில் இருந்த கவரைப் பார்த்துவிட்டார். "கிட்ட விட மாட்டாங்கண்ணா, பைக்குள்ள வைங்க" என்றார். அதற்குள் கார்கள் வரிசையாக மேலே ஏறிவிட்டன. கூட்டம் கலைந்த பிறகு அதே பெண், "என்ன மனுங்கண்ணா?" என்று கேட்டு வாங்கி, அந்த வெயிலில் நின்று கடைசி வரி வரைக்கும் படித்தார். "எங்க வீட்டு வாசல்லயும் இதே கதைதான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்த மனுவை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். இன்றைக்கும் பாலத்துக்குக் கீழே போகும்போது அந்த முகம் ஞாபகம் வருகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

கொங்கணாபுரம் தறிக்காரர்

நான் சொல்வது 1989. எம்.ஜி.ஆர். இறந்து கட்சி இரண்டாகி, இரட்டை இலை முடங்கிக் கிடந்த தேர்தல். ஜானகி அம்மா அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். எங்கள் அப்பா தறி ஓட்டிவிட்டு ராத்திரியில் சுவர் எழுதப் போவார். எனக்கு லாந்தர் பிடிக்கிற வேலை.

இலை வரைந்து பழகின கை அது. சேவல் வரவில்லை. முதல் சுவரில் வரைந்தது கோழி மாதிரிக்கூட இல்லை. அப்பா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், கூடையில் அடைத்திருந்த சேவலை எடுத்துவந்து என் மடியில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். லாந்தர் வெளிச்சத்தில் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். கொண்டைக்குச் சிவப்புப் பெயின்ட் தீர்ந்துபோனதும் செம்மண்ணைக் குழைத்துப் பூசினார். என் கைக்குள் அது துடித்துக்கொண்டே இருந்தது, அது மறக்கவே மறக்காது.

எங்கள் தொகுதியில் சேவல் வேட்பாளர் எடப்பாடியார். சிலுவம்பாளையத்துக்காரர், வெல்ல வியாபாரக் குடும்பம், கிளைச் செயலாளராக இருந்து மேலே வந்தவர் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். 1,364 ஓட்டில் ஜெயித்தார். 91-ல் மறுபடி ஜெயித்தார். 96-ல் தோற்றார். 98-ல் திருச்செங்கோடு எம்.பி., அடுத்த வருஷமே அதுவும் போயிற்று. 2004, 2006 என்று வரிசையாகத் தோல்வி. 2006-ல் எடப்பாடியிலேயே பா.ம.க.விடம் தோற்றார். அத்தனை தோல்விக்குப் பிறகு 2011-ல் மந்திரி, 2017-ல் முதல்வர், 2021-ல் அதே தொகுதியில் 93,802 ஓட்டு வித்தியாசம். யாருக்கு ஓட்டுப் போடுகிறவராக இருந்தாலும் இந்தப் பிடிவாதத்தை மதிக்க வேண்டும். அப்பா முதல்வர் பதவியேற்பைப் பார்க்க இல்லை. இருந்திருந்தால் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதிருப்பார்.

குப்பனூர் பக்கத்து விவசாயி

கடைக்கார அண்ணா, தறிக்கார அண்ணா, இரண்டு பேர் மேலும் மரியாதை உண்டு. ஆனால் பாலத்தையும் ஓட்டு வித்தியாசத்தையும் மட்டும் பேசினால் சேலம்-சென்னை எட்டு வழிச்சாலையை யார் பேசுவது?

2018 கோடையில் எங்கள் தோட்டத்துக்கு அளக்க வந்தார்கள். வந்தவர்கள் யார் எவர் என்று நான் எழுதவில்லை. தென்னை மரங்களுக்குப் பெயின்டில் நம்பர் போட்டுக்கொண்டே போனார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை, தடுக்கவும் இல்லை. அவர்கள் ஜீப் ஏறினதும் தேங்காய் நாரில் மண்ணெண்ணெய் தொட்டு ஒவ்வொரு மரமாகத் தேய்க்க ஆரம்பித்தார். "நம்பரை அழிச்சா நிலம் தப்பிச்சிடுமாம்மா?" என்று கேட்டேன். "நாம வெச்ச மரத்துக்கு அவங்க எதுக்குடா நம்பர் போடறது" என்றார். பாதி மரம் தேய்ப்பதற்குள் இருட்டிவிட்டது.

277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி என்றார்கள். 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுத்ததை ரத்து செய்தது. அன்றைக்கு ஊரில் பட்டாசு வெடித்தோம். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிதாக அறிவிப்பு கொடுத்து எடுக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. தூக்கம் போனது அப்போதுதான். பாதித் தென்னையில் இன்னமும் அந்தப் பெயின்ட் தெரிகிறது.

மேச்சேரி மண்

குப்பனூர் தம்பி, உங்கள் வலி புரிகிறது. ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அது பாரத்மாலா என்கிற நெடுஞ்சாலைத் தொகுப்பில் வந்த மத்திய அரசுத் திட்டம். மாநிலம் நிலம் எடுத்துக் கொடுத்தது. முழுப் பழியையும் ஒரு ஆள் தலையில் கட்டுவது சரியில்லை.

என் அனுபவம் தண்ணீர். மேட்டூர் அணை பக்கத்திலேயே இருந்தும் எங்கள் ஏரிகள் வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தன. உபரிநீரைத் திப்பம்பட்டியில் ஏற்றி எம்.காளிப்பட்டி ஏரிக்கு விட்டு, அங்கிருந்து நூறு ஏரிகளுக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். 565 கோடி. 2020 மார்ச்சில் அடிக்கல், 2021 தேர்தலுக்கு முன்னால் முதல் கட்டம் திறந்தார்கள். தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டதும் எங்கள் பெரியப்பாவை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏரிக்குள் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ரொம்ப நேரம் வெளியே வரமாட்டேன் என்றார். எல்லா ஏரிக்கும் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வந்த இடத்தில் அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

குப்பனூர் பக்கத்து விவசாயி

மத்திய அரசுத் திட்டம் என்பது எனக்கும் தெரியும் அண்ணா. நெடுஞ்சாலைத் துறையும் முதல்வர் நாற்காலியும் ஒரே கையில், அதுவும் நம் மாவட்டத்து விவசாயி கையில் இருந்தபோது, வேண்டாம் என்று ஒரு குரல் வந்திருக்கலாமே என்பதுதான் எங்கள் ஆதங்கம். பெரியப்பா நல்லா இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற எழுத்தர்

கடைக்காரத் தம்பிக்கு. நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். ஒரு மந்திரி (பெயர் வேண்டாம்) சுற்றுப்பயணம் முடிந்து போன பிறகு, வாங்கின மனுக்கள் ஒரு மூங்கில் கூடையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. சில மனுக்களுக்குள் மாலையிலிருந்து உதிர்ந்த பூ இருந்தது. பாதி மனுவில் சர்வே நம்பரே இல்லை. யாருடையது, எந்த ஊர் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

அதனால் சொல்கிறேன். மந்திரி கையில் கொடுத்தாலும் அது "உரிய நடவடிக்கைக்கு" என்று எழுதித் துறைக்குத்தான் வரும். ஒரு மனுவில் ஒரே ஒரு கோரிக்கை எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சாலையின் பெயர், கடை எண், பக்கத்தில் இருக்கும் அடையாளம், மழையன்று எடுத்த போட்டோ, எல்லாம் இருக்கட்டும். நில விஷயம் என்றால் சிட்டா, அ-பதிவேடு, புல வரைபட நகல் இல்லாமல் போகவே போகாதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும், அங்கே பதிவு செய்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அந்த மனு எண்தான் உங்கள் பிடி. 1100 என்கிற முதல்வர் உதவி மையம் வந்ததும் இதற்காகத்தான். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, "என் மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது" என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வடிகால் நெடுஞ்சாலைத் துறையுடையதா, மாநகராட்சியுடையதா என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது தெரியாமல் அலைந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். குப்பனூர்க்காரர்களும் அளவை சம்பந்தமாக வந்த எல்லாத் தாளையும் தேதி வாரியாகக் கோப்பில் வையுங்கள்.

ஏற்காடு மலைமகள்

எழுத்தர் ஐயா சொன்னது எல்லாம் கீழ்நாட்டுக்கு ஒத்துவரும். திங்கட்கிழமை சேலம் இறங்கி ஏற எங்கள் கிராமத்து ஆட்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

2013 டிசம்பர் 4, ஏற்காடு இடைத்தேர்தல். அ.தி.மு.க. எம்.எல்.ஏ. பெருமாள் இறந்து, அவர் மனைவி சரோஜா நின்றார். மந்திரிகள் பட்டாளமே மலை ஏறி வந்து தங்கியிருந்தது. எடப்பாடியார் அப்போது நெடுஞ்சாலைத் துறை அமைச்சர், அதனால் ரோடு கேட்டு நின்ற ஊர்களுக்கெல்லாம் பெரிய நம்பிக்கை. எங்கள் ஊருக்கு வந்தது அவர் இல்லை, வேறொரு அமைச்சர். பெயர் எழுதவில்லை. காபிப் பழம் பறிக்கிற நேரம். களத்தில் காயப்போட்டிருந்த காபிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம்.

எங்கள் பாட்டி உள்ளே போய் ஒரு கயிற்றுக் கட்டிலை இழுத்துவந்து அவர் முன்னால் போட்டார். இரண்டு பக்கமும் மூங்கில் கட்டின தடம் கட்டில் காலில் அப்படியே இருந்தது. "இதுலதான் சாமி என் மருமகளப் பிரசவத்துக்குத் தூக்கிட்டுப் போனோம். ஒரு தடவ படுத்துப் பாருங்க, தூக்கிக் காட்டறோம்" என்றார். களத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் எழுந்து நின்று, கட்டில் கயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்தார். ரோடு போட்டுத் தருகிறோம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்.

78,116 ஓட்டில் அவர்கள் ஜெயித்தார்கள். மறு வருஷம் ஜல்லி வந்து கொட்டினார்கள், பாதி தூரம் வரைக்கும் ரோடு ஆனது. மீதி தூரத்துக்கு இன்னும் மண் பாதைதான். சேலம் வடக்கு ராஜேந்திரன் 2024-ல் சுற்றுலாத் துறை அமைச்சர் ஆனபோது, அந்த மீதி தூரத்துக்கு நானே மனு எழுதினேன். எழுத்தர் ஐயா, வனத்துறை நிலம் குறுக்கே வந்தால் எந்த அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டும்? அதை மட்டும் சொல்லுங்கள்.