மட்டக்களப்பில கம்பனிப் பயிற்சி: எங்க போறது?

கேள்வி: சர்வதேச வணிக முதுகலைக்கு மூண்டு மாசப் பயிற்சி. இங்க நண்டு ஏற்றுமதிக் கம்பனி போதுமா, கொழும்புக்குப் போகணுமா?

பதில் 1: இங்கயே போதும் தம்பி. ஆனா பயிற்சி கேக்கிற கடிதத்தில "ஏற்றுமதி ஆவணப் பகுதி" எண்டு எழுதுங்க. இல்லாட்டி மூண்டு மாசமும் போட்டோகொப்பிதான்.

பதில் 2: இன்வொய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஒஃப் லேடிங் (கப்பல் கம்பனி தாற சரக்கு ரசீது) மூண்டையும் பக்கத்தில வச்சு ஒப்பிடப் பழகுங்க. எடை ஒண்டில 4,800 கிலோ, மற்றதில 4,080 எண்டிருந்தா எல்சியில (ஆவணம் சரியெண்டா காசு தாறன் எண்டு வங்கி குடுக்கிற உறுதிக் கடிதம்) வங்கி காசை நிறுத்தும். எச்எஸ் கோடும் (சுங்கத்துக்குப் பொருளை வகைப்படுத்துற இலக்கம்) கவனம்: உறைய வச்ச நண்டு 0306.14, டின்னில அடைச்சது 1605.10. இந்த ஆறு இலக்கமும் கிட்டத்தட்ட எல்லா நாட்டிலயும் ஒண்டுதான், பிறகு வாறது மாறும்.

பதில் 3: கடைசி ரெண்டு கிழமை கொழும்பில கிளியரிங் ஏஜென்டோட (சுங்க வேலையை முடிச்சுத் தாறவர்) நிக்கக் கேளுங்க. முதல் நாளே கேக்கணும்.