பழைய கேரவனில் ஏசி கம்ப்ரசர் மதியம் மட்டும் நின்றுவிடுகிறது, காஸ் பிரச்சினைதானா?

வளவுவீடு:
வணக்கம். கானாடுகாத்தானில் எங்களுடையது முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிற பழைய வீடு. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடும்போது வயதானவர்கள் மதியம் படுக்க ஏசி உள்ள இடம் ஒன்று வேண்டும். வீட்டுக்குள் சுவரை உடைத்து ஏசி மாட்ட யாருக்கும் மனசு இல்லை. அதனால் ஜீப்பில் மாட்டி இழுக்கிற பழைய கேரவன் ஒன்றை வாங்கிப் பின்வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே நிறுத்தியிருக்கிறோம். கூரை மேல் உட்காரும் ஏசி, குளிர்விக்கும் திறன் 13,500 பிடியூ, 230 வோல்ட்.

காலையில் நன்றாகக் குளிர்கிறது. பதினொரு மணிக்கு மேல் ஃபேன் மட்டும் ஓடுகிறது, கம்ப்ரசர் ‘ம்ம்ம்’ என்று சில நொடி முனகிவிட்டு ‘டிக்’ என்று நின்றுவிடுகிறது. சில நிமிடம் கழித்து மறுபடி அதே முனகல், அதே டிக். பார்க்க வந்த மெக்கானிக் காஸ் குறைந்துவிட்டது, குழாயில் வால்வு வைத்து ஏற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஸ்டெபிலைசர் போடச் சொல்கிறார். அடுத்த படைப்புக்கு அப்பத்தாவும் வருகிறார்கள், அதற்குள் சரிசெய்ய வேண்டும். எதில் தொடங்குவது?

செம்புக்கம்பி:
அண்ணே, குழாயில் கை வைக்க விடாதீர்கள். கேரவனுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, ஒயர் எவ்வளவு நீளம், எத்தனை ஸ்கொயர் (கம்பியின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்), முதலில் அதைச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் மீட்டர் முகப்பில்தான் இருக்கும். அங்கிருந்து வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்தெருவுக்கு ஒயர் வர வேண்டும்.

வளவுவீடு:
ஆமாம், முகப்பில் மீட்டர். அங்கிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் சுமார் 60 மீட்டர், 1.5 ஸ்கொயர். மிச்சம் உள்ளதை டிரம்மில் சுற்றியே வைத்திருக்கிறோம்.

செம்புக்கம்பி:
அப்படியென்றால் பாதி விஷயம் அங்கேயே இருக்கிறது. 1.5 ஸ்கொயர் செம்புக்கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். 60 மீட்டர் போய், நியூட்ரல் வழியாக 60 மீட்டர் திரும்பி வர வேண்டும், ஆக 120 மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை ஓம். இந்த அளவு ஏசி ஓடும்போது 7 ஆம்ப் எடுக்கிறது என்று வையுங்கள், 10 வோல்ட் ஒயரிலேயே போய்விடும், அது பரவாயில்லை. ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும். 30 ஆம்ப் என்றால் 40 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். முகப்பில் காலையில் 230 இருந்து மதியம் மோட்டார்களெல்லாம் ஓடி 205 ஆகிவிட்டால், கேரவனில் கம்ப்ரசருக்குக் கிடைப்பது 160 சொச்சம்தான். அதில் அது சுழலாது. முனகிச் சூடேறி, உள்ளே இருக்கும் ஓவர்லோடு பாதுகாப்பு ஸ்விட்ச் தட்டி நிறுத்திவிடும், ஆறியதும் மறுபடி முயலும். நீங்கள் கேட்கும் டிக் அதுதான்.

ஸ்டெபிலைசரைக் கேரவன் பக்கம் வைத்தால் அது வோல்ட்டை ஏற்ற ஒயரிலிருந்து இன்னும் அதிக ஆம்ப் இழுக்கும், மெல்லிய ஒயர் மேலும் சூடாகும். 4 ஸ்கொயர் ஒயர் புதிதாக இழுங்கள், அதே 30 ஆம்புக்கு இழப்பு 17 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். அது வரும்வரை டிரம்மில் உள்ளதை முழுக்கப் பிரித்துப் போடுங்கள், சுற்றிக் கிடக்கும் ஒயர் சூடு வெளியேற வழியில்லாமல் உருகிவிடும்.

தேவகோட்டை குளிர்:
நான் ஏசி வேலை பார்க்கிறவன். ஒயர் பற்றி அண்ணன் சொன்னது சரி. ஆனால் ஒயரை மாற்றிவிட்டு மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள், பழைய ஏசியில் கம்ப்ரசரைக் கிளப்ப உதவும் கெபாசிட்டரைப் பார்த்தே ஆக வேண்டும். வருடக்கணக்கில் தகரத்தின் சூட்டில் கிடந்த கெபாசிட்டர் மெல்ல மெல்ல அளவு குறையும். காலையில் நல்ல வோல்ட்டில் எப்படியோ கிளப்பிவிடும், மதியம் முடியாது. பிளக்கைப் பிடுங்குங்கள், மேல் மூடியைக் கழற்றுங்கள். கெபாசிட்டரைத் தொடும் முன் அதில் தேங்கிய கரண்டை ஒரு ரெசிஸ்டர் வைத்து இறக்குங்கள், பிளக் பிடுங்கிய பிறகும் அது அடிக்கும். பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டே செய்யுங்கள். கெபாசிட்டர் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரடு அளவுக்கு 5 சதவீதம் முன்பின் இருக்கலாம், அதற்கும் கீழே போனால் மாற்றிவிடுங்கள். விலையும் பெரிதில்லை.

காஸ் கதைக்கு வருகிறேன். காஸ் குறைந்த கம்ப்ரசர் சுலபமாகவே கிளம்பும், ஆம்பும் குறைவாகத்தான் எடுக்கும், ஓடிக்கொண்டே இருக்கும் ஆனால் குளிராது. உங்களுடையது கிளம்பவே மாட்டேன் என்கிறது, காலையில் நன்றாகக் குளிரவும் செய்கிறது. இந்தக் கூரை ஏசிகளில் பெரும்பாலும் காஸ் ஏற்ற வால்வே இருக்காது, கம்பெனியில் அடைத்தது அடைத்ததுதான். நல்ல குழாயில் ஓட்டை போட்டு வால்வு வைத்தால் பிறகு அந்த வால்வே ஒழுகத் தொடங்கும். சந்தேகம் இருந்தால் காலையில் ஏசி கால் மணி நேரம் ஓடிய பிறகு, காற்று உள்ளே இழுக்கும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் வெப்பம் பாருங்கள். 8 முதல் 11 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் காஸ் நன்றாக இருக்கிறது, அந்த மெக்கானிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பள்ளத்தூர் மருமகள்:
கொட்டகையை யாரும் கவனிக்கவில்லையே! கூரை ஏசி சூடான காற்றைக் கேரவனுக்கு மேலேதான் தள்ளும். தகரம் ஓரிரு அடி உயரத்தில் இருந்தால் அந்தச் சூடு அங்கேயே சுழன்று மறுபடி ஏசிக்குள்ளேயே போகும். சூடு ஏற ஏறக் கம்ப்ரசர் எடுக்கும் ஆம்பும் ஏறும். எங்கள் வீட்டிலும் கேரவன் இப்படித்தான் இருந்தது. ஏசிக்கு நேர் மேலே தகரத்தை எடுத்துவிட்டு, வெயில் விழும் மேற்குப் பக்கம் மட்டும் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினோம், அக்னி நட்சத்திரத்திலும் தாங்கியது. அப்புறம் வெளிப்பக்கக் காயிலைத் தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவுங்கள், பிரஷர் பம்ப் வேண்டாம், அலுமினிய ஃபின் மடங்கிவிடும். நம் ஊர்ச் செம்மண் தூசி அதில் அப்பிக் கிடக்கும்.

வளவுவீடு:
எல்லாருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன். முகப்பில் 208 வோல்ட் காட்டும் நேரத்தில் கேரவன் பிளக்கில், கம்ப்ரசர் முனகும்போது, மீட்டர் 161 காட்டியது. கெபாசிட்டரில் 30 என்று போட்டிருக்கிறது, எலக்ட்ரீஷியன் அளந்ததில் 21தான். காலையில் காற்று வித்தியாசம் 9 டிகிரி. கெபாசிட்டர் மாற்றியாயிற்று, தகரமும் எடுத்தாயிற்று, ஒயர் நாளை இழுக்கிறார்கள். இன்னொன்று: குளித்துவிட்டு ஈரக்காலோடு படியில் ஏறினால் கதவுப் பிடியில் லேசாகச் சுர்ரென்கிறது. ஒயர் மாற்றினால் அதுவும் போய்விடுமா?

செம்புக்கம்பி:
அண்ணே, உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், நாளைவரை வேண்டாம். கேரவன் ரப்பர் டயரில் நிற்கிறது, அதன் பாடிக்கு எர்த் ஒயரைத் தவிர நிலத்தோடு வேறு தொடர்பே கிடையாது. எங்கோ லீக் இருக்கிறது, எர்த்தும் அறுந்திருக்கிறது. பழைய வீடுகளின் பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் ஒயரே இருக்காது. நாளை மூன்று கோர் ஒயராக இழுக்கச் சொல்லுங்கள், வீட்டு எர்த் பைப்பை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், முகப்பில் அந்த லைனுக்கென்று 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்று போடுங்கள். அது தட்டினால் எரிச்சலில் பைபாஸ் செய்யாமல், ஏசியா, உள்ளே இருக்கும் வேறு சாமானா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து லீக்கைப் பிடியுங்கள். இது முடியும்வரை அப்பத்தா உள்ளே படுக்க வேண்டாம், குழந்தைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தேவகோட்டை குளிர்:
இதில் நானும் அண்ணன் பக்கம்தான். மூடி திறந்தபோது கம்ப்ரசர் டெர்மினலுக்கும் பாடிக்கும் இடையே மெகர் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் கருவி) வைத்தார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் நாளை வைக்கச் சொல்லுங்கள். லீக் கம்ப்ரசரிலேயே இருந்தால் புதிய கெபாசிட்டர் போட்டும் பயனில்லை.